சர்வதேச இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் தன்னார்வலராகப் போவது: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

#1 முதல்படி

எல்லோருக்கும் வணக்கம். வயது 21, கல்லூரியில் கடைசி ஆண்டு. பள்ளி நாட்களில் 400 மீட்டர் ஓடுவேன். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் ஜெயித்ததில்லை, ஆனால் ஓடுதளத்தைப் பார்த்தால் இன்னமும் கால் பரபரக்கிறது. இளையோர் ஒலிம்பிக் போன்ற ஒரு போட்டியில் தன்னார்வலராக வேலை செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. அடுத்த கோடைக்கால இளையோர் ஒலிம்பிக் செனகல் நாட்டு டாக்கரில், 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை. அதுவா, அதற்குப் பிறகு வருகிற வேறொன்றா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வீட்டில் பேச்செடுத்தால் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்: "கைக்காசு போட்டுப் போய், கூலியில்லாமல் வேலை பார்த்துவிட்டு வருவாயா?" எனக்குப் பதில் வரவில்லை. இணையத்தில் தேடினால் சீருடையும் சிரித்த முகமுமாகப் படங்கள்தான் கிடைக்கின்றன. போய் வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்களேன். என்ன தருவார்கள், என்ன தரமாட்டார்கள்? போட்டிகளைப் பார்க்க முடியுமா? என் ஆங்கிலம் சுமார்தான், தேறுமா?

#2 கடைசிப்பேருந்து

வாம்மா. நான் மூன்று போட்டிகளில் வேலை செய்திருக்கிறேன், மூன்றிலும் போக்குவரத்துப் பிரிவுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தருவது: சீருடை, பணி நாளில் சாப்பாடு, தங்கும் இடத்திலிருந்து அரங்கத்துக்குப் போய்வர இலவசப் பயணம், பயிற்சி, கடைசியில் ஒரு சான்றிதழ். தராதது: விமானச் சீட்டு, விசாச் செலவு, பெரும்பாலும் தங்குமிடம். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் இதுதான் வழக்கம். பாரிஸ் 2024இல் 45,000 தன்னார்வலர்கள் இருந்தார்கள், தங்குவதற்கான ஏற்பாட்டை அவரவரேதான் பார்த்துக்கொண்டார்கள். சில போட்டிகளில் தங்க இடம் தருவதுண்டு. தந்தால் அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் இல்லை என்றே கணக்குப் போடு.

இன்னொன்று, இது முக்கியம். "விண்ணப்பக் கட்டணம்", "இடத்தை உறுதி செய்ய முன்பணம்" என்று யாராவது கேட்டால் அந்த ஜன்னலை உடனே மூடிவிடு. உண்மையான தேர்வில் அப்படி எதுவும் கிடையாது. பாஸ்போர்ட் நகலை ஏற்பாட்டுக் குழுவின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் ஏற்றாதே. என்னோடு வேலை செய்த ஒரு பையன் முதல் வருடம் இப்படித்தான் ஏமாந்தான். பணம் போனதை விட, வீட்டில் சொல்ல முடியாமல் தவித்ததைத்தான் இன்றும் சொல்வான்.

போட்டியைப் பார்க்கலாமா என்றால், பெரும்பாலும் முடியாது. என் முதல் போட்டியில் பதினோரு நாள் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். அரங்கம் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம். கூட்டம் மொத்தமாக மூச்சை இழுப்பது கேட்கும், பிறகு கத்துவது கேட்கும். எதற்கு என்று தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் பேருந்துக்கு நடந்து வரும்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

ஆங்கிலம் சுமார் என்றால் போதும். அங்கே வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் சுமார்தான்.

#3 கணக்குப்பார்ப்பவன்

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதைச் சுற்றிவளைக்காமல் பார்ப்போம்.

2010இல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையோர் ஒலிம்பிக்கில் வீரர்கள் சுமார் 3,600 பேர். தன்னார்வலர்கள் சுமார் 20,000 பேர். ஒரு வீரருக்கு ஐந்து பேருக்கு மேல் சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறார்கள். லண்டன் 2012இல் 70,000 பேர். மேடை கட்டுபவருக்குச் சம்பளம் உண்டு, ஒளிபரப்புக் குழுவுக்கு உண்டு, பாதுகாப்பு ஒப்பந்தக்காரருக்கு உண்டு. வாசலில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு மட்டும் ஒரு சட்டை.

அதோடு, விமானச் சீட்டும் தங்குமிடமும் சொந்தச் செலவு என்றால் யாரால் போக முடியும்? கையில் காசிருப்பவரால்தான். "உலக இளைஞர்கள் ஒன்றுகூடும் திருவிழா" என்கிறார்கள். ஒன்றுகூடுவதற்கான நுழைவுச்சீட்டு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். உள்ளூர்க்காரர்கள் வீட்டிலிருந்து போய் உதவினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கண்டம் தாண்டி, கடன் வாங்கி ஒரு மாணவி போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

#4 ஈரமண்

கணக்குப்பார்ப்பவன் சொல்வதில் பாதியை மறுக்க முடியாது. கடன் வாங்கிப் போகக் கூடாது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பெரியவர்கள் ஒலிம்பிக்கையும் இளையோர் போட்டியையும் ஒரே தராசில் வைப்பதுதான் இடிக்கிறது.

இளையோர் ஒலிம்பிக் வேண்டும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு முடிவெடுத்தது 2007 ஜூலையில், குவாத்தமாலா நகரில் கூடியபோது. அப்போதைய தலைவர் ஜாக் ரோக் முன்னின்று கொண்டுவந்தது. சிங்கப்பூருக்கு வந்தவர்கள் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள். பதக்கம் வாங்குவது ஒரு பகுதி, மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு பழகுவதும் கற்றுக்கொள்வதும் இன்னொரு பகுதி என்று திட்டமிட்டார்கள். அதனால்தான் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் சேர்த்து ஜூடோவிலும் வாள்வீச்சிலும் இறக்கினார்கள். மூன்றுக்கு மூன்று கூடைப்பந்து முதலில் சிங்கப்பூரில் இளையோருக்காக வந்தது, பிறகுதான் டோக்கியோவில் பெரியவர்களுக்கு.

முதல் சில போட்டிகளில் ஒரு விதி இருந்தது: வந்த வீரர் முதல் நாளே தோற்றாலும் கடைசி நாள் வரை தங்க வேண்டும். லோசான் 2020இல்தான் இரண்டு தொகுதியாகப் பிரித்து வரவழைத்தார்கள். முதல் நாள் காலை ஒன்பது மணிக்குத் தோற்றுப்போன பதினைந்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அறையில் கூட இருப்பவள் இன்னும் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். பயிற்சியாளர் மற்றவர்களைக் கவனிக்கப் போய்விடுவார். அந்தப் பன்னிரண்டு நாளும் அந்தப் பிள்ளை எதிரில் வருவது யார்? சாப்பாட்டுக்கூட வாசலில் அட்டையைப் பார்ப்பவர், துணி துவைக்கும் இடத்தில் சீட்டுக் கொடுப்பவர், பயிலரங்கில் வண்ணப் பென்சில் எடுத்து வைப்பவர். எல்லோரும் தன்னார்வலர்கள்.

நான் அப்படி ஒரு பயிலரங்கக் கூடத்தில் இருந்தேன். தோற்ற பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடுவார்கள். ஒரு மல்யுத்த வீரன் ஒன்பது நாளும் வந்து உட்கார்ந்து காகிதத்தில் படகு செய்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாவது நாள் நான் செய்த படகை எடுத்துப் பிரித்து, தவறான மடிப்பைக் காட்டி, திருத்திக் கொடுத்தான். அதற்கு நான் கூலி கேட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டிருக்க மாட்டேன்.

#5 கணக்குப்பார்ப்பவன்

நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், சரி. அவர்கள் கொடுத்திருக்க வேண்டுமா இல்லையா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் கலக்க வேண்டாம்.

#6 ஈரமண்

ஒப்புக்கொள்கிறேன். தனிக் கேள்விதான்.

#7 முதல்படி

இருவருக்கும் நன்றி. கடன் வாங்க மாட்டேன், அது உறுதி. பகுதிநேர வேலையில் சேர்த்தது கொஞ்சம் இருக்கிறது.

பிரிவுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? விருப்பப் பட்டியலில் "ஊக்கமருந்துச் சோதனை உடனாளர்" என்று ஒன்று இருந்தது. அது மருத்துவம் படித்தவர்களுக்கா?

#8 மூன்றாவதுநாற்காலி

இல்லை, மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வயது வந்தவராக இருக்க வேண்டும், பயிற்சியில் தேற வேண்டும், பொறுமை வேண்டும். நான் இரண்டு போட்டிகளில் அந்த வேலைதான் செய்தேன். வழக்கமாக எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவள், இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

வேலை இதுதான். சோதனைக்குத் தேர்வான வீரரைப் போட்டி முடிந்த கையோடு அணுகுவோம். கழுத்து அட்டையைப் பார்த்து ஆள் சரிதானா என்று உறுதி செய்வோம். அறிவிப்புப் படிவத்தைக் காட்டி, உரிமைகளையும் கடமைகளையும் விளக்கி, நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதி, கையெழுத்து வாங்குவோம். அந்த நொடியிலிருந்து சோதனை நிலையத்தில் ஒப்படைக்கிற வரை அவர் நம் கண்ணை விட்டு மறையக் கூடாது. பதக்க மேடைக்குப் போகலாம், உடம்பைத் தளர்த்த ஓடலாம், செய்தியாளர்களிடம் பேசலாம், காயத்துக்குச் சிகிச்சை எடுக்கலாம். நாமும் பின்னாலேயே போக வேண்டும். கழிவறைக்கு என்று கிளம்பினால் நிலையத்துக்கு வரச் சொல்ல வேண்டும். குடிக்க எதையும் நாமாகத் திறந்து கையில் கொடுக்கக் கூடாது. மூடி முத்திரையோடு இருக்கும் புட்டிகளிலிருந்து அவரே ஒன்றை எடுத்து அவரே திறக்க வேண்டும்.

ஓர் இரவைச் சொல்கிறேன். எந்தப் போட்டி, எந்த நாட்டுப் பெண் என்று சொல்ல மாட்டேன். அந்த ரகசியம் காப்பதும் வேலையில் சேர்த்திதான்.

3,000 மீட்டர் இறுதி ஓட்டம். எந்த இடத்தில் வருகிறவரைச் சோதிப்பது என்று போட்ட குலுக்கலில் வந்தது ஆறாவது இடம். ஆறாவதாக வந்தவள் பதினாறு வயதுப் பெண். கடைசிச் சுற்று வரை மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தவள், கடைசி 150 மீட்டரில் மூவர் தாண்டிப் போனார்கள். முகம் கழுவியது போல வேர்வை. நான் படிவத்தோடு போய் நின்றபோது, நான் ஏதோ ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டி விலகினாள். அப்புறம் அட்டையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது.

சிறார் என்றால் உடன் ஒரு பெரியவர் இருப்பது முறை. அவளுடைய பயிற்சியாளர் வந்தார். காத்திருப்பு அறையில் மூன்று நாற்காலி: அவள், பயிற்சியாளர், நான். முதல் முறை உள்ளே போய் வந்தாள். வேண்டியது 90 மில்லிலிட்டர் சிறுநீர், கிடைத்தது 60 போல. பாதி மாதிரியை முத்திரையிட்டு வைத்துவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். நிறையத் தண்ணீர் குடித்தால் சீக்கிரம் முடியும் என்று அவள் அடுத்த புட்டியை எடுத்தாள். அளவுக்கு மீறிக் குடித்தால் மாதிரி நீர்த்துப்போகும், அப்போது இன்னொரு மாதிரியும் கேட்பார்கள். அதிகாரி அதை மெதுவாக விளக்கினார். புட்டியைக் கீழே வைத்தாள்.

அணியின் பேருந்து போய்விட்டது. பயிற்சியாளர் வாகனம் ஏற்பாடு செய்கிற பேச்சில் இருந்தார். அவள் மார்பில் இருந்த எண் துணியைக் கழற்றி, நான்கு ஊக்குகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்றைத் திறப்பாள், மூடுவாள். அடுத்ததைத் திறப்பாள், மூடுவாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, சத்தமே இல்லை. எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பக்கத்தில் போய் அணைத்துக்கொள்ள என் கை துடித்தது. அணைக்கக் கூடாது, அது என் வேலை இல்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அவளுக்குக் கூசும். பார்வையை எடுத்துவிடவும் முடியாது. கடைசியில் நானும் அந்த ஊக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியே ஒன்றரை மணி நேரம்.

என் அட்டைக் கயிற்றின் கொக்கி அன்று காலையே தளர்ந்திருந்தது. அட்டை சரிந்து சரிந்து விழும், நான் எடுத்து மாட்டிக்கொண்டே இருப்பேன். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ விழுந்தபோது அவள் கை நீட்டினாள். கயிற்றை இரண்டாக மடித்து, அந்த ஊக்குகளில் ஒன்றை எடுத்து, கொக்கிக்கு மேலே குத்தி மூடி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நின்றது. அதன் பிறகு அவள் அழவில்லை. பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள், அவ்வளவுதான்.

போட்டி முடியும் வரை அந்த ஊக்கோடுதான் வேலை செய்தேன். அந்தப் பெண் இப்போது எங்கே ஓடுகிறாள், ஓடுகிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. தேடவும் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

#9 முதல்படி

அக்கா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டலாமா?

#10 மூன்றாவதுநாற்காலி

தாராளமாக.

#11 கணக்குப்பார்ப்பவன்

படித்தேன். மதிக்கிறேன். ஆனால் இதைப் படித்த பிறகு என் எண்ணம் இன்னும் கெட்டியாகிறது. ஒரு பதினாறு வயதுப் பெண்ணோடு இரவு பதினொன்றரை வரை இருப்பது இவ்வளவு பொறுப்பான வேலை என்றால், அதைச் சம்பளம் வாங்கும், பல வருடம் பழகிய ஆட்கள் செய்ய வேண்டாமா? நீங்கள் நல்லவராக இருந்தீர்கள். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எப்படி என்று யாருக்குத் தெரியும்?

#12 மூன்றாவதுநாற்காலி

சரியான கேள்வி. மாதிரி எடுக்கும் அதிகாரிகள் பயிற்சி பெற்றவர்கள், அவர்களிடம் தன்னார்வலர் தலையிட முடியாது. என் பங்கு அழைத்து வருவதும் கூட இருப்பதும். அதிலும் தனியாக விடுவதில்லை. அந்த அறையில் பயிற்சியாளர் இருந்தார், கதவு திறந்திருந்தது, வரவேற்பு மேசையில் இன்னொருவர் இருந்தார். என் நல்ல மனதை நம்பி யாரும் அந்தப் பெண்ணை என்னிடம் விடவில்லை. யார் உட்கார்ந்தாலும் பாதுகாப்பாக இருக்கும்படிதான் அந்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் நானே வேலை செய்ய மாட்டேன்.

ஆனால் ஓட்டுநர், இரவுக் காவல், சமையலறை, முதலுதவி எல்லாம் சம்பள வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நானும்.

#13 கணக்குப்பார்ப்பவன்

அப்படியானால் நம் இருவருக்கும் இடையில் பெரிய சண்டை இல்லை. எந்த வேலை எந்தப் பக்கம் என்கிற கோடு மட்டும்தான் பாக்கி.

#14 பச்சைக்கொடி

நான் முதல் முறையாகத் தேர்வாகியிருக்கிறேன். பயிற்சியில் ஒரு விஷயம் மனதுக்கு ஒப்பவில்லை. வீரர்களோடு படம் எடுக்காதே, எண்ணைப் பரிமாறாதே, சமூக வலைத்தளத்தில் தொடராதே என்கிறார்கள். எனக்கு வயது 19, அவர்களுக்கு 17. கிட்டத்தட்ட ஒரே வயது. நட்பு வேண்டும் என்று சொல்லித்தானே இந்தப் போட்டியையே நடத்துகிறார்கள்?

#15 கடைசிப்பேருந்து

தம்பி, வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம். ஆனால் உன் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் பல கதவுகள் திறக்கும். அந்தப் பிள்ளைக்கு அது தெரியும். நீ சொன்னால் கேட்கும், நீ கூப்பிட்டால் வரும். அந்த இடத்தில் நிற்கிறவன் நட்பு கேட்டால் அதற்கு "வேண்டாம்" சொல்வது கஷ்டம். விதி உன்னைச் சந்தேகப்பட்டு வைத்ததில்லை, அந்தப் பிள்ளைக்குத் தர்மசங்கடம் வராமல் இருக்க வைத்தது.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள். அவர்களாக வந்து படம் கேட்டால், விதி அனுமதித்தால், பொது இடத்தில், குழுவாக, அவர்கள் கைப்பேசியில். மூடிய அறையில் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதே. ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டால், ஒரு பயிற்சியாளர் கத்தும் விதமோ, ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருப்பதோ, நீயே விசாரிக்கக் கிளம்பாதே. சிறார் பாதுகாப்புக்கென்று ஓர் அலுவலர் இருப்பார், அவருடைய எண் பயிற்சிக் கையேட்டில் இருக்கும். அன்றைக்கே சொல். "தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்?" என்று தயங்காதே. சரியா தவறா என்று பார்ப்பது அவர் வேலை.

சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னங்களை (பின்) மாற்றிக்கொள்வது வேறு, அதைத் தாராளமாகச் செய். பிள்ளைகளுக்கு அதில் கொள்ளை ஆசை.

#16 பச்சைக்கொடி

அட்டை பற்றி நான் இப்படி யோசிக்கவே இல்லை. நன்றி அண்ணா.

#17 நீலச்சட்டை

எல்லோரும் நல்லதாகவே எழுதுவதால் இதையும் பதிந்து வைக்கிறேன். நான் போன போட்டியின் பெயர் வேண்டாம். மொழிபெயர்ப்பு உதவி என்று தேர்வு செய்தார்கள். போய் இறங்கியதும் வாகன நிறுத்தத்தில் கயிறு பிடிக்கச் சொன்னார்கள். முதல் மூன்று நாள் பணிப்பட்டியலே இல்லை. காலை ஆறுக்கு வரச் சொல்லி, பத்து மணிக்கு "இன்று ஆள் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காம் நாள் தொடர்ந்து பதினொரு மணி நேரம், சாப்பாட்டுச் சீட்டு வரவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண் மயங்கி உட்கார்ந்தாள். மேற்பார்வையாளரும் தன்னார்வலர்தான், அவர் பாவம் எங்களை விடக் களைத்திருந்தார்.

நான் ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டேன். இரண்டு வருடம் ஆகியும் அது உறுத்துகிறது. விட்டுவிட்டு வந்தது தவறா என்று இன்னும் தெரியவில்லை.

#18 ஈரமண்

தவறே இல்லை. பதினொரு மணி நேரம் சாப்பாடில்லாமல் நிற்க வைத்தவர்கள்தான் வாக்கைக் காப்பாற்றவில்லை. உங்களை உறுத்துவது நீங்கள் பொறுப்பானவர் என்பதால். அதையே உங்களுக்கு எதிராகத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

#19 கடைசிப்பேருந்து

நீலச்சட்டை, நீங்கள் கிளம்பியது சரி. புதிதாகப் போகிறவர்களுக்காக இதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

பணிப்பட்டியலும் பிரிவும் எழுத்தில் வருகிற வரை விமானச் சீட்டு எடுக்காதீர்கள். போன முதல் நாளே ஒருநாள் பணிநேரம் எவ்வளவு, இடைவேளை எப்போது, சாப்பாடு எங்கே என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படுவோம், நானும் பட்டேன். உடம்பு முடியவில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நகருங்கள். அவர் கேட்கவில்லை என்றால் அரங்கத்துத் தன்னார்வலர் அலுவலகம் என்று ஒன்று இருக்கும், நேரே அங்கே போங்கள். பணி மாற்றம் கேட்பது எல்லாப் போட்டிகளிலும் நடக்கிறதுதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சொல்லாமல் வராமல் இருப்பது. ஒரு முறை என் நிறுத்தத்தில் மூன்று பேர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். வழி காட்ட ஆளில்லாமல் ஓர் அணியின் பிள்ளைகள் தவறான பேருந்தில் ஏறிவிட்டார்கள். உடற்பயிற்சி நேரம் போய்விட்டது. திரும்பி வந்து இறங்கியபோது அவர்கள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் சின்னவன், ஒரு பதினைந்து வயது இருக்கும், "நாங்கள் சரியாகக் கேட்டிருக்க வேண்டும், மன்னியுங்கள்" என்றான். இன்றைக்கும் அவன் குரல் காதில் இருக்கிறது.

#20 வெள்ளைக்கோடு

நேர்காணல் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் தேர்வுக் குழுவில் உதவியாக இருந்திருக்கிறேன். எங்களிடம் வந்தவர்களில் நிறையப் பேர் "எனக்கு விளையாட்டு உயிர், வீரர்களைச் சந்திக்க ஆசை" என்றார்கள். மனதைத் தொட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டால் பேனா கொஞ்சம் தயங்கும். நாங்கள் தேடியது வேறு. கூட்டத்தில் ஒரு முதியவருக்கு வழி சொன்னது, கல்லூரி விழாவில் ஒலிபெருக்கி கெட்டபோது என்ன செய்தீர்கள், உங்களுக்குத் தெரியாததை யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள், இந்த மாதிரி. "தெரியாது, ஆனால் தெரிந்தவரிடம் கூட்டிப் போகிறேன்" என்று சொன்ன ஒரு பையனை நான்கு பேரும் உடனே டிக் செய்தோம்.

வீரர்களில் யார் பிற்காலத்தில் புகழ் பெறுவார் என்றும் யோசிக்க வேண்டாம். சிங்கப்பூரில் நீந்திய சாட் லே க்ளோ இரண்டே வருடத்தில் லண்டனில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தினார். புவெனஸ் ஐரிஸ் 2018இல் தங்கம் சுட்ட மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அவர்கள் விதிவிலக்கு. அங்கே வருகிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் வாழ்க்கையிலேயே பெரிய போட்டி. வாசலில் நிற்கும்போது அந்தப் பெரும்பாலானவர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்படி, 400 மீட்டர் ஓடியதையும் சொல்லுங்கள். எதுவும் ஜெயிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தோற்றுவிட்டு வருகிற பிள்ளையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

#21 முதல்படி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மூன்றாவதுநாற்காலி அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அந்தப் பெண்ணுடைய அம்மாவுக்கு இது தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். அப்புறம் விமானச் சீட்டு எவ்வளவு வரும் என்று கேட்டார். கணக்குப்பார்ப்பவன் அண்ணா எழுதியதையும் காட்டினேன், மறைக்கவில்லை. "இந்தத் தம்பி சொல்வதும் சரிதான்" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கடன் இல்லாமல் முடியும், ஆனால் சேர்த்தது மொத்தமும் போகும். இந்த வருடமே போக வேண்டுமா, இன்னும் ஒரு வருடம் சேர்த்துவிட்டு அடுத்த போட்டிக்குப் போவதா என்பதுதான் பாக்கி. அடுத்ததற்கே போகலாம் என்று தோன்றுகிறது. அதுவரை இங்கேயே நடக்கிற பள்ளி, கல்லூரித் தடகளப் போட்டிகளில் உதவிக்குப் போகிறேன். முதல் விருப்பம் உடனாளர் பணிதான்.

#22 கணக்குப்பார்ப்பவன்

நல்ல முடிவு. நீங்கள் இருக்கும் பக்கம் மாணவர் போட்டி நடந்தால் நானும் நேரம் எடுக்கும் மேசைக்கு வருகிறேன். கணக்குப் பார்க்கிற வேலைதானே.

#23 முதல்படி

வாங்க அண்ணா! அக்கா, கடைசியாக ஒன்று. அந்த வேலைக்கு நான் இப்போதே பழகிக்கொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

#24 மூன்றாவதுநாற்காலி

இருக்கிறது. கைக்கடிகாரம் கட்டிப் பழகு. சோதனை நிலையத்துக்குள் கைப்பேசியைக் கையில் எடுக்க முடியாது, அறிவிப்பு நேரத்தையோ நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். எண்கள் பெரிதாக, இருட்டிலும் தெரிகிற மாதிரி ஒன்று வாங்கிக்கொள். அப்புறம் யாரோடாவது பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கப் பழகு. உன் பாட்டியோடோ தாத்தாவோடோ இருந்து பார். கையில் எதுவும் இல்லாமல், அவர்களையும் உறுத்துப் பார்க்காமல், எழுந்தும் போகாமல். முதல் இருபது நிமிடம்தான் கஷ்டமாக இருக்கும்.

பேனா இரண்டு வைத்துக்கொள். ஒன்று எப்போதும் எழுதாது.